கழிவு போக அறுபது கிலோ

சாமி,

நேற்று நீ போனில் சொன்னதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். "கையெழுத்துத்தானம்மா, போட்டுட்டுப் போறேன். மாமா இல்லாத கல்யாணம் எனக்கு வேண்டாம்" என்று சொன்னாய். போர்வெல் போடும் ரிக் வண்டியின் சத்தத்துக்கு நடுவே அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாய். பிடிக்காத பேச்சு வந்தால் ராஜஸ்தானில் உனக்கு எப்போதும் சிக்னல் போய்விடும், அது எனக்குப் பழகிப்போனதுதான். அதனால் எழுதுகிறேன். எழுதியதை நீ பாதியில் வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும், மறுபடி எடுத்துப் படித்துத்தான் ஆக வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதை நான் ஒளித்து அனுப்பவில்லை. நம் வட்டாரத்தில் கபடி லீக்குக்குப் பையனை அனுப்பியிருக்கிற எந்த அம்மா கேட்டாலும் படிக்கக் கொடுப்பேன். அதனால்தான் நான் கொஞ்சிக் கூப்பிடுகிற சாமியோடு நிறுத்திக்கொண்டு, உன் பெயரையும் என் பெயரையும் எழுதவில்லை. அவர்களுக்கும் புரிய வேண்டுமே என்று உனக்குத் தெரிந்த கதையையே திரும்பச் சொல்வேன், சலித்துக்கொள்ளாதே.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். மணவறையில் தாய்மாமன் வந்து உனக்கு மாலை எடுத்துப் போட்டு, நெற்றியில் பட்டம் கட்டிவிட வேண்டும். நம்மிடத்தில் அது இல்லாமல் மாப்பிள்ளை நிறைவாக மாட்டான். உனக்கு அது வெறும் சடங்கு இல்லை என்று எனக்குத் தெரியும். அப்பா போனபோது நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு உன்னைச் சைக்கிள் ஏற்றியது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சல் வந்தால் ராசிபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் என் தம்பிதான். முதன்முதலாகக் கபடிக் கோட்டுக்குள் உன்னை இறக்கிவிட்டவனும் அவன்தான். உன் மாமன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் நான் எழுதப்போவதைப் படித்தால் கூடப் பிறந்தவனை வெறுக்கிறேன் என்று நீ நினைத்துக்கொள்வாய். வெறுக்க முடிந்திருந்தால் எனக்கு இந்தக் கடிதம் இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும்.

லீக் தொடங்கிய வருஷம் உனக்கு நினைவிருக்கும். பெரிய உடம்புக்காரர்களே ஊர் ஊராகப் போய்க் கோப்பையை அள்ளிக்கொண்டு வருகிறார்கள், ஒல்லிப் பையன்கள் வேலி ஓரம் நின்று கைதட்டுவதோடு சரி என்று உன் மாமனுக்கு ஒரு வருத்தம். அதனால் நாலு பேரைச் சேர்த்து அறுபது கிலோ லீக் என்று ஆரம்பித்தான். அறுபதுக்கு மேல் இருப்பவன் கோட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. இதுதான் ஒரே விதி, இதற்காகத்தான் லீக்கே. நல்ல நினைப்பு, நானும் பெருமைப்பட்டேன். எடை பார்க்க எங்கே போவது என்ற பேச்சு வந்தபோது நான் எடை படிக்கிற வேலை பார்க்கும் நம் எடை மேடைதான் ஞாபகம் வந்தது. லாரி ஏறுகிற மேடையில் ஆளை நிறுக்க முடியாது. ஆனால் பக்கத்தில் மூட்டை நிறுக்கிற தராசு இருக்கிறதே, சிவப்பு எழுத்தில் எண் ஓடுமே, அதில் பையன்கள் ஒவ்வொருவராக ஏறி நிற்பார்கள். நான் அறையின் ஜன்னலிலிருந்து எண்ணைச் சத்தமாகப் படிப்பேன். மாமன் எழுதிக்கொள்வான்.

அவன் தொழில் கிழங்குப் புரோக்கர் என்பதால் சொல்கிறேன். மரவள்ளிக் கிழங்கு லோடு வந்தால் அதில் ஒட்டியிருக்கிற மண்ணுக்கு இவ்வளவு என்று எடையில் கழிப்பார்கள். மண் கழிவு என்று பெயர். ஈர மண்ணானால் கொஞ்சம் கூடுதலாகக் கழியும். அதைக் கிழங்கு விளைவித்த காடுகாரரும் ஒத்துக்கொள்வார், ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக்காரரும் ஒத்துக்கொள்வார், நடுவில் பேசி முடிப்பது உன் மாமன். முதல் வருஷம் எடை பார்த்த அன்று நல்ல மழை. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அணியின் பையன் தராசில் ஏறினான். அறுபதைத் தாண்டி அரைக் கிலோ காட்டியது. அவன் கால் முழுக்கச் சேறு, டவுசர் நனைந்து தொங்குகிறது. அவனை வெளியே நிறுத்தினால் அணிக்கு ஆள் பற்றாது, அவ்வளவு தூரம் வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டும். உன் மாமன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "கெழங்குக்கே மண் கழிவு உண்டு. பையனுக்குக் கெடையாதா? எழுதுங்கப்பா அறுபது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஜன்னலுக்குள் இருந்து சிரித்தேன். அன்று சிரிக்காமல் இருந்தவர் ஒருவர்கூட இல்லை.

மறுவருஷம் வெயில். கால் காய்ந்திருந்தது. ஆனாலும் மண் கழிவு இருந்தது. போன வருஷம் அவர்களுக்குக் கொடுத்தீர்களே என்று கேட்டு வாங்கினார்கள். தூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள் என்று சாப்பாட்டுக் கழிவு வந்தது. அதற்கடுத்த வருஷம் லீக்குக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவரின் அணிக்கு ஒரு கழிவு, அதற்குப் பெயரே வைக்கவில்லை. இதை யாரும் ஏமாற்று என்று சொல்லவில்லை. அதுதான் சாமி, எனக்கு இன்றைக்கும் ஆறாதது. திருட்டுத்தனமாகச் செய்திருந்தால் ஒருவனாவது பயந்திருப்பான். நாலு பேர் பார்க்க, சிரித்துக்கொண்டே, நியாயம் பேசிக்கொண்டே செய்ததால் எல்லோருக்கும் அது விதி மாதிரியே ஆகிவிட்டது. பையன்களும் அதற்குத் தகுந்தாற்போல உடம்பை ஏற்றிக்கொண்டார்கள். எடையைக் குறைக்கப் பட்டினி கிடந்த பையன்தான் அங்கே கோமாளியாகத் தெரிந்தான்.

உன்னையும் நான் அப்போதுதான் நன்றாகத் தின்ன வைத்தேன். அப்பா இல்லாத பையன் இளைத்திருக்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று எனக்கு ஒரு வைராக்கியம். முட்டைக்கு நாமக்கல்லில் பஞ்சமா? காலையில் முட்டை, சாயந்திரம் முட்டை, ஞாயிற்றுக்கிழமை கறி. தோள் அகலமாயிற்று, கழுத்து திரண்டது. எடை தாண்டுமே என்று நீ பயந்தபோது, அது கழிவில் போய்விடும், சாப்பிடு என்று சொன்னது நான்தான். இதில் என் பங்கு இவ்வளவு. இதற்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டேன். பெற்றவள் பிள்ளைக்குச் சோறு போட்டதால்தான் லீக் கெட்டது என்று உன் மாமன் ஒரு தடவை சொன்னான். அந்தக் கணக்கு எனக்கு வேண்டாம்.

நீ ஆடிய கடைசி வருஷம், தராசில் ஏறியபோது அறுபத்தாறு காட்டியது. நான் படித்தேன். அறுபத்தாறு என்றே படித்தேன், குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. உன் மாமன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து அறுபது என்று எழுதினான். உனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நீ இறங்கி வரும்போது என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாய். அன்றைக்கு நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, இப்படியானால் இனி இங்கே வைத்து எடை பார்க்காதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை.

அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றி, நீ வடக்கே போன பிறகு நீயும் நானும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருந்தால் காய்ந்துவிடும் என்று நினைத்தோம். ஓமலூர் அணிக்கு ரெய்டு வந்த பையன் மணிவேல் ஒல்லி. ஐம்பத்திரண்டோ ஐம்பத்து மூன்றோ இருப்பான். பொழுது சாய்கிற நேரம், எதிர் வெயில். அவன் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது நீ கார்னரிலிருந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கினாய். விளையாட்டில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தாய். அவன் உன்னளவு இருந்திருந்தால் இரண்டு பேரும் விழுந்து எழுந்திருப்பீர்கள். அவன் தலை கீழாகப் போய் விழுந்தான். கூட்டம் கைதட்டிக்கொண்டே இருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை என்பது தெரிய அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நீ மட்டும் உடனே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாய். கழுத்தெலும்பில் அடி. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்து உயிரைக் காப்பாற்றினார்கள். இப்போது நடக்கிறான். வலது கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது.

யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் பரவியது. இவ்வளவு பெரிய ஆளா அறுபது கிலோ என்று கேட்டார்கள். கமிட்டி கூடியது. உன்னைக் கூப்பிடவில்லை, என்னையும் கூப்பிடவில்லை. எடை பார்க்கும்போது உனக்குப் பதில் வேறொருவனைத் தராசில் ஏற்றி நடுவர்களை ஏமாற்றிவிட்டாய் என்றும், உன்னை ஆயுளுக்கும் லீக்கிலிருந்து நீக்கிவிட்டதாகவும் பேப்பருக்குக் கொடுத்தார்கள். செயலாளர் என்ற இடத்தில் உன் மாமனின் கையெழுத்து. நான் அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். திண்டாடிப்போய்த்தான் உட்கார்ந்திருந்தான், அதையும் சொல்ல வேண்டும். "ஒருத்தன் போனா லீக் நெலைச்சு நிக்குமக்கா. லீக்கே போச்சுன்னா அத்தனை பசங்களும் தெருவுல நிக்கோணும். இவன் நம்ம பையன். பொறுத்துக்குவான். வெளியாளு மேல எப்படிப் போடறது?" என்றான். சொந்தப் பிள்ளை என்பதால்தான் உன்னைப் பிடித்துக் கொடுத்தான் என்பதை அவன் ஏதோ தியாகம் மாதிரிச் சொன்னான். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னபோது நீ, நான்தானே தூக்கிப் போட்டேன், விடும்மா என்றாய். ஒரு வாரத்தில் திருச்செங்கோட்டுக்காரர் ரிக்கில் ஏறி வடக்கே போய்விட்டாய்.

லீக் நிலைத்து நிற்கத்தான் செய்தது, நன்றாகவே நின்றது. இப்போது மேட் விரித்து விளையாடுகிறார்கள். பெரிய விளக்கு, சீருடை, மைக்கில் பேசுகிறவனுக்குக் கோட்டு சூட்டு. எடை பார்ப்பது நம் இடத்தில் இல்லை, ஆனால் கழிவு இருக்கிறது. கிழங்குக்குக்கூட மண் இருந்தால்தான் கழிவு. இங்கே மேட் மேல் ஆடுகிறவனுக்கு மண் கழிவு தருகிறார்கள். இந்த வருஷம் ஒரு கல்லூரிப் பையனுக்குத் தோள் எலும்பு போய்விட்டது, அவனைப் பிடித்தவனும் அறுபதுக்கு மிக மேலே. அடிபட்ட பையனின் அப்பா விடவில்லை. மேலிடத்துக்கு எழுதிப்போட்டார், விசாரிக்க வெளியூரிலிருந்து இரண்டு பேர் வந்து உன் பழைய விஷயத்தையும் சேர்த்துக் கிளறுகிறார்கள். அதற்குப் பிறகுதான் உன் மாமன் பழங்கள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். உன் மீதிருக்கிற தடையை நீக்கிவிடுவார்களாம், விழா மேடையில் ஏற்றிச் சால்வை போடுவார்களாம், சின்னப் பையன்களுக்கு நீ பயிற்சி கொடுக்கலாமாம். அன்றைக்கு ஆள் மாற்றித் தராசில் ஏற்றியது நீதான், லீக் அப்போதே கண்டிப்பாக நடந்துகொண்டது என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு விசாரணைக்காரர்களிடம் கொடுத்தால் போதுமாம். முடியாது என்றால் கமிட்டியில் தன்னால் தலை காட்ட முடியாது, அப்புறம் எந்த முகத்தோடு கல்யாணத்தில் வந்து பட்டம் கட்டுவது என்று கேட்டான். மிரட்டவில்லை. கண் கலங்கித்தான் கேட்டான். உன்னிடம் போனிலும் அப்படித்தான் கேட்டிருப்பான், அதனால்தான் உனக்கும் மனசு இளகிவிட்டது.

நீ இளகியதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நீ ஒன்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய். மணிவேலைத் தூக்கிப் போட்டது நீ. அந்தப் பாரம் உன்னுடையது, அதில் ஒரு கிராம்கூட யாரும் கழித்துத் தர முடியாது, நானும் தரமாட்டேன். ஆனால் ஆறு கிலோ கூடுதலாக உன்னைக் கோட்டுக்குள் விட்டது அவர்கள். விதி போட்டவர்கள் அவர்கள், அதைக் காக்கிறோம் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் அவர்கள், பையன்களைப் பெற்றவர்கள் அனுப்பியது அவர்களை நம்பி. பதினெட்டு இருபது வயதுப் பையன் ஜெயிக்கத்தான் பார்ப்பான். இடம் கொடுத்தால் உள்ளே நுழைவான். நுழையவிடாமல் பார்ப்பதற்குத்தானே லீக் என்று ஒன்று? எல்லோருமே காரணம் என்று பெருமூச்சு விடுகிறவர்களைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வருகிறது. அப்படிச் சொன்னால் யாரும் எழுந்து பதில் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் ஒரு பையனை மட்டும் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று மறுநாளே விசில் ஊதுவார்கள். நீ அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அந்தக் கல்லூரிப் பையனைப் பிடித்தவனையும் இதே மாதிரித் தள்ளுவார்கள். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள். அவளும் முட்டை அவித்துப் போட்டவளாகத்தான் இருப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் உன்னிடம் சொல்லாமல் ஓமலூர் போய் வந்தேன். மணிவேல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். உள்ளே அவன் அம்மாவும் இருந்தார். நான் யார் என்று சொன்னதும் அந்த அம்மா எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மணிவேல்தான் பேசினான். இடது கையால் தாளை அடுக்கிக்கொண்டே, வியாபாரம் பேசுகிற மாதிரிப் பேசினான். "உங்க பையன் எடை எனக்குத் தெரியுமுங்க. அவரு தராசுல நின்னப்ப ரெண்டு ஆள் தள்ளி நான் நின்னேன். நீங்க படிச்சதும் காதுல உழுந்துச்சு. எங்க கோச்சுக்கும் தெரியும். எங்க டீம்லயும் ரெண்டு பேரு கூடத்தான் இருந்தாங்க. அதனால யாரும் வாயத் தொறக்கலைங்க." ஆள் மாற்றி ஏற்றியதாகப் பேப்பரில் வந்தபோது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தானாம். அது பொய் என்று தனக்குத் தெரியும் என்பதால், யாராவது வந்து கேட்பார்கள், சொல்லலாம் என்று காத்திருந்தானாம். லீக்கிலிருந்து பழம் வந்தது, மாலை வந்தது, போட்டோ எடுத்தார்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நான் எழுந்தபோது அவன் இன்னொன்று கேட்டான். "அவரு ஏனுங்க ஒரு தடவைகூட வரல?" கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான். நீ அன்று ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய், படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்ததை என்னிடம் சொல்லியிருக்கிறாய். அதை அவனிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் உனக்காக வாதாடுகிற மாதிரி இருக்கும் என்று பேசாமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது உன் மேல் எனக்குக் கோபமே வந்தது. லீக் உன்னை ஏமாற்றியது என்று நீ நினைத்துக்கொண்டாய், சரி. அதற்கு அந்தப் பையன் என்ன செய்தான்? தடை போட்டது அவனா? உனக்கு நடந்த அநியாயத்தைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு நீ வடக்கே போய்ப் படுத்துக்கொண்டாய். நானும் உனக்குத் தலையணை வைத்தேன்.

இன்று காலை நான் விசாரணைக்குப் போனேன். நேற்று நீ கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்ன பிறகுதான் போவது என்று முடிவு செய்தேன். ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஓட்டலின் மாடி அறை. வெளியூர்க்காரர் இரண்டு பேர், மரியாதையான மனிதர்கள். ஓரத்தில் கமிட்டிக்காரர்கள், நடுவில் உன் மாமன். என்னைக் கண்டதும் அவன் முகம் போன போக்கைச் சொல்லத் தெரியவில்லை. நான் உட்காராமலே சொன்னேன். என் மகன்தான் தராசில் நின்றான், வேறு யாரும் நிற்கவில்லை, நான் அறுபத்தாறு என்று படித்தேன், எழுதியது அறுபது, மண் கழிவு என்று ஒன்று அங்கே முதல் வருஷத்திலிருந்து உண்டு, அது இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். கழிவு என்றால் என்ன என்று அந்த இரண்டு பேரில் ஒரு அதிகாரி கேட்டார். விளக்கினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் நாள் நாங்கள் எல்லோரும் சிரித்த அதே சிரிப்பு. அப்போது உன் மாமன் எழுந்தான். என்னைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்து, "அக்காளுக்குச் சக்கரை இருக்குதுங்க. கண்ணு சரியாத் தெரியாது. அன்னிக்கும் நம்பரத் தப்பாத்தான் படிச்சிருக்கும்" என்றான்.

சாமி, அந்த ஜன்னலில் உட்கார்ந்து எண்ணைப் படித்துத்தான் உன்னை வளர்த்தேன். எண்ணைத் தப்பாகப் படித்தாள் என்று எந்த டிரைவரும் எந்த ஆலைக்காரனும் என்னைச் சொன்னதில்லை. "தம்பி, நீ கொண்டாந்த லோடெல்லாம் இந்தக் கண்ணுதானே நிறுத்துச்சு" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் அந்த அதிகாரி எழுதிக்கொண்டிருந்ததை நான் எட்டிப் பார்த்தேன். பார்வைக் குறைவு என்று எழுதியிருந்தார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. உன்னை விசாரிக்க இன்னொரு நாள் வைத்திருப்பதாகவும், உன் வாக்குமூலத்தைப் பார்த்துவிட்டு முடித்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். என்னிடம் டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்கள். படியிறங்கும்போது உன் மாமன் பின்னாலேயே வந்தான். பட்டம் கட்ட வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டி இறங்கிப் போனான். அவன் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்தேன். கூப்பிட்டுச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

ஆகவே அது முடிந்தது. நீ கையெழுத்துப் போட்டால் மாமன் திரும்பி வருவான், எனக்குத் தெரியும். வந்து அழுதுகொண்டே பட்டம் கட்டுவான். ஆனால் அதற்கு நீ என் கண் பொய் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மணவறையில் உட்கார வேண்டும். போடாவிட்டால் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். பெண் வீட்டார் கேட்பார்கள், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ கையெழுத்துப் போடாததால் லீக் திருந்திவிடும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். திருந்தாது போலத்தான் தெரிகிறது. அடுத்த வருஷமும் தராசு வைப்பார்கள், யாராவது ஒருவன் கழிவு கேட்பான், சிரிப்பார்கள். உன் பெயரில் ஒரு பொய் இல்லாமல் அது நடக்கட்டும் என்பது மட்டும்தான் நம்மால் ஆனது. அது கொஞ்சம்தான், எனக்கும் தெரிகிறது.

வருகிற வாரம் சேலத்தில் வந்து இறங்குவாய். நேராக வீட்டுக்கு வராதே. உன் மாமன் வீட்டுக்கும் போகாதே, விசாரணைக்காரர்களும் ஒரு நாள் காத்திருக்கட்டும். ஓமலூர் பஸ் ஏறு. மணிவேல் கடையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் இருக்கிறது, அதில் அவன் அம்மா உட்கார்ந்திருப்பார். நீ நின்றுகொண்டுதான் பேச வேண்டியிருக்கும். என்ன பேசுவது என்று என்னைக் கேட்காதே. எனக்கும் தெரியாமல்தான் திரும்பி வந்தேன்.